உயர்தர ஹெட்போனும் செவியின்பமும்

கண்ணுக்கு இமை உண்டு. செவிக்கு அத்தகைய காப்பு இல்லை. நாம் விரும்பினும் விரும்பாவிடினும், உறங்கினும் விழித்திருப்பினும், உலகத்து ஓசைகளெல்லாம் செவி வாயிலிற் புகுந்தவண்ணமே இருக்கின்றன. அவற்றுள் நாம் விரும்பிய ஒன்றனைத் தேர்ந்து தனித்திருந்து நுகர்தற்குத் துணைசெய்யும் கருவியே ஹெட்போன் என்பது. இக்காலத்து இதனை அணியாத மாணவரைக் காண்டல் அரிது. ஆயினும், அணிவோர் பலருள்ளும் உயர்தரக் கருவிகளையே நாடி, அவற்றின் நுட்பங்களை ஆராய்ந்து வாங்குவோர் ஒருசிலரே. அவருள்ளும் சிலர் ஒரு கருவிக்கு ஈயும் விலை, மாணவர் ஒருவர் ஓராண்டு முழுதும் விடுதியில் உண்டு உறைதற்கு ஆகும் பொருளினும் மிகுதியாகும். இஃது ஆடம்பரமோ, அன்றி உண்மை இன்பத்திற்கு ஈயும் தகுந்த விலையோ என்னும் வினா இயல்பாகவே எழும். ஓரளவு வரை அஃது இன்பத்தின் விலை; அவ்வளவு கடந்தபின் பெரும்பாலும் ஆடம்பரத்தின் விலை என்பதே நம் கருத்து. அவ்வெல்லையை அறிதற்கு இக்கருவியின் வரலாறு, அமைப்பு, தேர்வு, பயன் ஆகியவற்றை முறையே ஆராய்வாம்.

தொலைவில் நிகழும் இசையைக் காதருகே கேட்கும் அவா மிகப் பழையது. 1881ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நிகழ்ந்த மின்சாரக் கண்காட்சியில், கிளெமென்ட் அடேர் என்னும் பொறியறிஞர், இசைநாடக அரங்கின் பாடல்களைத் தொலைபேசிக் கம்பி வழியே கொணர்ந்து, மக்கள் இரு செவிக்கும் இரு கருவிகள் வைத்துக் கேட்குமாறு செய்தார். தலையிற் பொருத்திக்கொள்ளும் கருவியை அமெரிக்க நாட்டு யூட்டா மாநிலத்து நத்தானியேல் பால்ட்வின் என்பார் தம் வீட்டுச் சமையலறையிலேயே செய்து, 1910ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். இவையெல்லாம் பேச்சையும் தந்திக் குறிகளையும் கேட்டற்கே பெரும்பாலும் பயன்பட்டன. இசைக்கு உகந்த கருவிகளின் முன்னோடியாக, ஜெர்மனி நாட்டு பேயர் நிறுவனத்தின் டிடி 48 என்னும் ஹெட்போன் 1937இல் தோன்றிற்று. 1958இல் ஜான் காஸ் என்பார் இரு செவிக்கும் வேறு வேறு ஒலிதரும் ஸ்டீரியோ ஹெட்போனை வெளியிட்டார். 1968இல் சென்ஹைசர் நிறுவனம், புறமூடி இன்றித் திறந்த அமைப்புடைய எச்டி 414 என்பதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மன் தோன்றியபின், வீட்டில் இருந்தோரேயன்றி வழிநடப்போரும் ஹெட்போன் அணிவாராயினர்.

இனி, இதன் அமைப்பைக் காண்பாம். ஒலி என்பது காற்றின் அதிர்வே. மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வுகளை மெல்லிய படலம் ஒன்றின் அசைவாக மாற்றி, அதனால் காற்றை அதிரச் செய்தலே ஹெட்போனின் தொழில். இத்தொழிலை இயற்றும் முறைபற்றி உயர்தரக் கருவிகளைப் பெரும்பாலும் மூன்றாக வகுப்பர்.

முதலாவது, டைனமிக் எனப்படும் வகை. இதன்கண் வட்டமான படலத்தின் பின்னே நுண்ணிய கம்பிச்சுருள் ஒட்டப்பட்டு, காந்தத்தின் இடைவெளியில் நிற்கும். மின்னோட்டம் மாறுந்தோறும் சுருள் முன்னும் பின்னும் அசைய, படலமும் உடன் அசையும். ஒட்டிய இடத்தில் மட்டுமே படலம் தள்ளப்படுதலின், உயர்ந்த சுருதிகளில் அது முழுதும் ஒருபடித்தாய் அசையாது வளைந்து நெளிதல் உண்டு. அதனைக் குறைக்கவே அறிஞர் பல வடிவங்களை முயன்றனர். 2009இல் வெளிவந்த சென்ஹைசர் எச்டி 800 என்பதில் படலம் வளையம்போல் அமைக்கப்பட்டது.

இரண்டாவது, பிளேனார் எனப்படும் வகை. இதன்கண் தனிச்சுருள் இல்லை. படலத்தின் பரப்பு முழுதுமே மின்தடங்கள் பதிக்கப்பட்டிருக்கும். எதிரே காந்தங்கள் வரிசையாக நிற்கும். ஆகவே படலம் ஏறக்குறைய முழுமையும் ஒருங்கே அசையும். ஜப்பானிய யமஹா நிறுவனம் 1976இல் வெளியிட்ட எச்பி 1 என்பதும், அமெரிக்காவில் பின்னர்த் தோன்றிய ஆடிசி எல்சிடி 2 என்பதும் இவ்வகையின.

மூன்றாவது, எலக்ட்ரோஸ்டாட்டிக் எனப்படும் வகை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒருபங்கு ஒரு மைக்ரான். இதன் படலம் சில மைக்ரான் கனமே உடையது. மின்னேற்றம் பெற்ற அப்படலம், துளைகள் இட்ட இரு தகடுகளின் இடையே தொங்கி, அவற்றின் மின்விசையால் ஈர்க்கவும் தள்ளவும் படும். ஜப்பானிய ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960இல் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. அந்நிறுவனத்தின் பிற்காலக் கருவிகளுக்கு 580 வோல்ட் அழுத்தம் வேண்டும். ஆதலின் தனியே அதற்கென அமைந்த பெருக்கி இன்றி அவை ஒலியா. இம்மூன்றனுள் ஒன்றே உயர்ந்தது, ஏனைய தாழ்ந்தன எனல் பொருந்தாது. மூவகையினும் நல்லனவும் உள, தீயனவும் உள.

கருவியின் புறம் திறந்ததோ மூடியதோ என்பதும் கருதற்பாலது. திறந்த அமைப்பில் படலத்தின் பின்னெழும் ஒலி தடையின்றி வெளியேறும். அதனால் இசை தலைக்குள் அடைபட்டது போலன்றிச் சற்று விரிந்து பரந்தது போலத் தோன்றும். ஆனால் உள்ளொலி வெளியே கேட்கும். வெளியொலியும் உள்ளே புகும். விடுதி அறையிற் படிக்கும் நண்பனுக்கு நம் இசை இடையூறாகும். அவன் உரக்கப் படித்தல் நமக்கு இடையூறாகும். ஆகவே தனியறை உடையார்க்குத் திறந்ததும், பலரோடு உறைவார்க்கு மூடியதும் ஏற்புடையன.

இனி, நல்லொலி என்பது யாது? தம்பூராவை நினைத்துக்கொள்வோம். அதன் தந்தி ஒன்றனை மீட்டினால் எழுவது ஒரே ஒலி அன்று. அடிப்படை ஒலியோடு அதனின் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுடைய மேலொலிகள் பலவும் உடனெழுகின்றன. குதிரையின்மேல் தந்திக்கு அடியில் இடும் சிறு நூல் அம்மேலொலிகளைச் செழிக்கச் செய்கின்றது. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசிய கரிய சாந்து, பொதுவாகத் தோற்கருவிகளில் ஒன்றோடொன்று பொருந்தாத மேலொலிகளைப் பொருந்தச் செய்கின்றது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த ச. வெ. இராமன் 1920ஆம் ஆண்டளவில் இவ்விரு கருவிகளின் மேலொலிகளையும் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். இம்மேலொலிகளின் அளவுகளே தம்பூராவைத் தம்பூராவாகவும், வீணையை வீணையாகவும் நமக்கு உணர்த்துவன. அவ்வளவுகளை மிகுக்காதும் குறைக்காதும் செவிக்கு ஈயும் ஹெட்போனே நல்லது. தாழ்ந்த கருவி அடித்தள ஒலிகளை வீங்கச் செய்து, மேலொலிகளை மழுக்கிவிடும். அப்பொழுது நூலிட்ட தம்பூராவும் நூலிடாத தம்பூராவும் வேறுபாடின்றி ஒலிக்கும்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. நம் செவிமடலும் செவித்துளையும் எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் உட்கொள்வன அல்ல. ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸ் அளவில் உள்ள ஒலிகளைச் செவித்துளை இயல்பாகவே ஓங்கச் செய்கின்றது. ஒலிபெருக்கியின் எதிரே அமர்ந்து கேட்கும்போது இவையெல்லாம் தாமே நிகழ்கின்றன. ஹெட்போனோ செவியருகே இருந்து ஒலித்தலின், இவ்வியல்பைக் கருதி அமைக்கப்படல் வேண்டும். ஷான் ஆலிவ், டாட் வெல்டி என்னும் ஆராய்ச்சியாளர் 2013ஆம் ஆண்டளவில் இதுபற்றிப் பலரைக் கேட்பித்து ஆய்ந்தனர். நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி எவ்வாறு ஒலிக்குமோ, அதனை ஒத்து ஒலிக்கும் ஹெட்போனையே கேட்போருட் பெரும்பாலார் விரும்பினர் எனக் கண்டனர்.

விலை மிகுந்தால் இந்நன்மையும் மிகுமோ எனின், அன்று என்பதே விடை. 2017ஆம் ஆண்டில் ஜெரோன் ப்ரீபார்ட் என்னும் ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களின் அளவைகளை ஒப்பிட்டு, அவை பல்வேறு சுருதிகளை ஒலிக்கும் அளவிற்கும் அவற்றின் விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை என வெளியிட்டார். விலையுயர்ந்த கருவிகள் எல்லாம் வீண் என்பது இதன் பொருள் அன்று. விலை ஒன்றே சான்று ஆகாது என்பதே பொருள். சென்ஹைசர் நிறுவனம் 1991இல் ஆர்ஃபியஸ் என்னும் கருவியை 300 மட்டுமே செய்து விற்றது. அதன் வழித்தோன்றலை 2015இல் அறிவித்தபோது, ஏறக்குறைய 50,000 யூரோ என விலை குறித்தது. அதன் பெருக்கி இத்தாலி நாட்டுக் கராரா சலவைக்கல்லில் அமைந்தது. கல்லின் அழகு கண்ணுக்கு இன்பம் ஆகலாம். அதற்கு ஈயும் பொருளைச் செவியின் கணக்கில் எழுதுதல் முறையன்று. மலிந்த கருவியினின்று நடுத்தர விலைக் கருவிக்கு ஏறும்போது வேறுபாடு எவர்க்கும் விளங்கும். அதனின் மேலே ஏற ஏற, விலை பன்மடங்காக, வேறுபாடோ மிக நுண்ணிதாகும்.

ஆயின், தேர்ந்தெடுப்பது எங்ஙனம்? முதற்கண், அணிந்து பார்த்தல் வேண்டும். அரைமணி நேரம் அணிந்தபின் தலை அழுத்தமும் செவி வெப்பமும் தோன்றுமாயின், அக்கருவி எத்துணை இனிது ஒலிப்பினும் நமக்கு ஆகாது. இரண்டாவதாக, நாம் நன்கறிந்த இசையையே கேட்டுப் பார்த்தல் வேண்டும். கடைக்காரர் இயக்கும் இசை கருவியின் சிறப்பைக் காட்டத் தேர்ந்தது. நேரிற் பலகால் கேட்ட வாத்தியமும் குரலுமே நமக்கு உரைகல். மூன்றாவதாக, இரு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டன் ஒலியளவையும் சமமாக்கிக் கொள்ளுதல் வேண்டும். சற்றே உரத்து ஒலிப்பது இனியதாகத் தோன்றுதல் செவியின் இயல்பு. அதனால் ஏமாந்தோர் பலர். நான்காவதாக, கருவியின் மின்தடையையும் ஒலித்திறனையும் அறிதல் வேண்டும். 300 ஓம் தடையுள்ள ஹெட்போனைக் கைப்பேசியிற் செருகின், பெரும்பாலும் அது மெலிந்தே ஒலிக்கும். அதற்குப் பெருக்கியும் வாங்க நேரும். அச்செலவையும் முதலிலேயே கூட்டிப் பார்த்தல் அறிவுடைமை. விலை மிக்க வெள்ளிக் கம்பிகளை மாற்றினால் ஒலியும் மாறும் என்பாரும் உளர். கண்ணை மறைத்து, அளவைச் சமமாக்கிக் கேட்டு வேறுபாட்டை உணர்ந்தாலன்றி அதற்குப் பொருள் ஈதல் வேண்டா.

நெடுநாள் உழைக்கும் தன்மையையும் நோக்குதல் நன்று. செவியணை தேய்தலும் கம்பி அறுதலும் எக்கருவிக்கும் வருவன. 1997இல் வெளிவந்த எச்டி 600 என்பதன் செவியணை, கம்பி முதலிய உறுப்புகளைக் கழற்றி மாற்றலாம். ஆதலின் வெளிவந்து 25 ஆண்டுகள் கடந்தும் அது விற்பனையில் இருந்ததோடு, பழைய கருவிகளும் பயன்பட்டு வந்தன. பொருள் குறைந்த மாணவர்க்கு, பழுது பார்த்தற்கு எளிய கருவியைப் பிறர் பயன்படுத்தியபின் குறைந்த விலைக்கு வாங்குதலும் தகுந்த வழியே.

எத்துணைப் பொருள் ஈந்தும் மீண்டும் வாங்கவொண்ணாத கருவி ஒன்று உண்டு. அது நம் செவியே. உட்செவியில் ஏறக்குறைய 15,000 நுண்மயிர் அணுக்கள் உள்ளன. மிகு ஒலியால் அவை அழியின், மனிதர்க்கு மீண்டும் முளைப்பன அல்ல. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேற் கேட்டல் ஆகாது என்பதும், 3 டெசிபல் மிகுந்தோறும் அந்நேரம் பாதியாகும் என்பதும் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு. அக்கணக்கின்படி 100 டெசிபல் ஒலிக்கு 15 நிமிடமே எல்லை. நல்ல ஹெட்போன் ஒலியைச் சிதைக்காது தருதலின், அளவு மிகுந்தமை நமக்குத் தோன்றாமலே போதலும் கூடும். நல்ல கருவியின் பயன் உரக்கக் கேட்டல் அன்று. மெல்ல ஒலிக்கும்போதும் நுட்பங்கள் மறையாது விளங்குதலே. காதில் இரைச்சல் தோன்றினாலும், கருவியைக் கழற்றியபின் பிறர் பேச்சு மந்தமாகக் கேட்டாலும், அஃது உடல் தரும் எச்சரிக்கை என அறிந்து உடனே நிறுத்துதல் வேண்டும்.

இறுதியாக, நுகர்தல் பற்றி ஒரு சொல். கருவி வாங்கியபின் இசையைக் கேளாது கருவியையே கேட்பார் உளர். ஒரு பாடலின் முதற்பகுதியைக் கேட்டு, ஒலியை ஆராய்ந்து, முடியுமுன் அடுத்ததற்குத் தாவுவர். பின் வேறொரு கருவியைத் தேடுவர். அவர்தம் செல்வம் பெருகினும் இன்பம் பெருகாது. நாளொன்றுக்கு ஒருமணி நேரமேனும் புத்தகத்தையும் கைப்பேசியையும் அகற்றி வைத்து, இராக ஆலாபனை ஒன்றனைத் தொடக்கமுதல் முடிவுவரை கேட்டிருத்தல் வேண்டும். பாடகர் மூச்சு வாங்கும் இடமும், வயலின் பின்தொடரும் நயமும், தம்பூராவின் ஓயாத நாதமும் அப்பொழுது தெளிவாகும். அங்ஙனம் கேட்டுப் பழகிய செவி, எளிய கருவியிலும் இன்பம் காணும். சபைக்குச் சென்று நேரிற் கேட்கும்போது முன்னினும் மிகுதியாகக் காணும். அப்பழக்கம் இல்லார்க்கு உலகின் விலையுயர்ந்த ஹெட்போனும் தலைச்சுமையே. ஆதலின் நண்பர்காள், நம் கைப்பொருளுக்கு அடங்கிய நல்ல கருவி ஒன்றனைத் தேர்ந்து, அதனைக் கொண்டு நெடுநாள் கேட்டு, நம் செவியையும் கெடாது காத்துக்கொள்வோமாக.