ஆறாத புண், அடங்காத அரிப்பு... வெட்கப்பட்டு மறைக்காதீங்க! பெண்ணுறுப்பு புற்றுநோய்க்கு என்ன சிகிச்சை?

திருவண்ணாமலை:

பவுர்ணமிக்கு 14 கிலோ மீட்டர் கிரிவலம் நடந்தால் தொடை உரசி புண்ணாவது சகஜம். நாலு நாளில் ஆறிவிடும். ஆனால் பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் மாதக்கணக்கில் அரிப்பு, ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சின்ன கட்டி என்று இருந்தால் அதை உரசல் புண் என்று விட்டுவிடக் கூடாது. அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

இது அபூர்வமான நோய்தான். அரிப்பு வந்த எல்லோருக்கும் கேன்சர் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்குத்தான் வருகிறது. அங்கேதான் சிக்கல். "இந்த வயசுல இதை யார்கிட்ட காட்டுறது?" என்று மகளிடம் கூட சொல்லாமல், மருந்துக்கடையில் படை களிம்பு வாங்கித் தடவியே வருஷத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

லேடி டாக்டரிடம் காட்டினால், மரத்துப்போக ஊசி போட்டு மிளகு அளவு சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவார். திருவண்ணாமலை அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் மகப்பேறு, மகளிர் நோய் பிரிவில் போய்ச் சொன்னாலே போதும்.

சிகிச்சையில் முதலிடம் ஆபரேஷனுக்குத்தான். அந்தக் காலத்தில் உறுப்பு முழுவதையும், இரண்டு தொடை இடுக்கையும் சேர்த்து அகலமாக வெட்டி எடுத்தார்கள். இப்போது அப்படி இல்லை. கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையையும் மட்டும் எடுக்கிறார்கள். கட்டி சின்னதாக, 1 மில்லி மீட்டர் ஆழத்துக்குள் இருந்தால் அத்தோடு முடிந்தது.

அதைவிட ஆழம் போயிருந்தால் தொடை இடுக்கு நெறிக்கட்டியையும் பார்க்க வேண்டும். கட்டி 4 செ.மீ.க்குள் இருந்தால், நோய் முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டியை மட்டும் மருந்து செலுத்திக் கண்டுபிடித்து எடுக்கும் முறை இருக்கிறது. எல்லா நெறிக்கட்டியையும் எடுத்தால் சிலருக்கு கால் வீங்கும். யானைக்கால் என்று அக்கம்பக்கம் பேசுவார்கள். அது யானைக்கால் இல்லை, யாருக்கும் ஒட்டாது.

நெறிக்கட்டிக்குப் பரவியிருந்தால் 'கரண்ட் வைப்பது' என்று நம் ஊரில் சொல்லும் கதிர்வீச்சு. வாரம் 5 நாள், 5 அல்லது 6 வாரம். கூடவே கீமோ மருந்தும் ஏற்றுவது உண்டு. அந்த இடம் வெந்து எரியும். பிறகு சரியாகும். மூத்திரத்துவாரம், மலத்துவாரம் வரை கட்டி போயிருந்தால், அவற்றைக் காப்பாற்ற முதலிலேயே கரண்ட் வைப்பார்கள்.

நெறிக்கட்டிக்குப் போகும் முன்பே வந்தால் 10-ல் 8 பேருக்கு மேல் 5 வருஷத்தைத் தாண்டுகிறார்கள். போன பிறகு வந்தால் அந்தக் கணக்கு மளமளவென்று குறைகிறது.

பெரிய சிகிச்சைக்கு வேலூர் சி.எம்.சி., காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் ஆஸ்பத்திரி, 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய சென்னை அடையாறு ஆஸ்பத்திரி ஆகியவை உள்ளன. முதல்-அமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ.விடம் வாங்கிய வருமானச் சான்றுடன் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு திட்ட மையத்தில் விண்ணப்பிக்கலாம்.