புரிவெட்டும் பொறிக்கு இரு கண்கள்

இரும்புக் கட்டியொன்றில் துளையிடுதல் எளிது. அத்துளையின் உட்சுவரில் திருகாணி ஏறத்தக்க புரியை வெட்டுதல் அத்துணை எளிதன்று. புரி வெட்டும் கருவியைப் பட்டறைகளில் ‘டாப்’ என்பர். கடினமாக்கப்பட்ட உருக்காலான அக்கருவி வளையாது, முறியும். முறிந்த துண்டு துளைக்குள் சிக்கினால், சாதாரணத் துளைகருவி அதனைத் தீண்டவும் மாட்டாது. பல நாள் உழைத்து உருவாக்கிய பொருள் ஒரு நொடியிற் பாழாகலாம்.

முறிவுக்குக் காரணம் யாது? 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள வழக்கமான திருகாணியின் புரியிடைத் தூரம் 1.5 மில்லிமீற்றர். ஆகவே, கருவியைப் பற்றியிருக்கும் சுழல்தண்டு ஒருமுறை சுற்றும்போது, கருவியும் 1.5 மில்லிமீற்றரே கீழிறங்க வேண்டும். 30 மில்லிமீற்றர் ஆழத்துக்கு 20 சுற்றுக்கள். பாரத்தினால் மோட்டர் நூற்றுக்கு இரண்டு பங்கு தளர, இறக்கும் பொறியோ அதனை அறியாது தன் வேகத்திலே சென்றால், முடிவில் 0.6 மில்லிமீற்றர் பிணக்கு நேரும். நீண்டு சுருங்கும் பிடிப்பானில் கருவியைப் பொருத்தினால் இப்பிணக்கை அது ஏற்றுக்கொள்ளும். அசையாத பிடிப்பில் வைத்து வெட்டும்போது மன்னிப்பில்லை. தாளத்தைக் கேட்டுப் பாடுபவரைப் போல, இறக்கும் பொறி சுழல்தண்டைக் கணந்தோறும் கவனித்துப் பின்தொடர வேண்டும்.

அக்கவனிப்புக்கு உதவுவது ‘என்கோடர்’ எனப்படும் சுழற்சிக் குறிப்பான். உருக்குப் பற்சில்லு ஒன்றையும், பற்களை உணரும் சில உணரிகளையும் கொண்டு இதனைப் பட்டறையிலேயே அமைக்கலாம். காந்தப் புலத்தில் வைத்த கடத்தியில் மின்னோட்டம் பாயும்போது, அதன் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றுவதை 1879ஆம் ஆண்டில் எட்வின் ஹோல் என்னும் அமெரிக்கர் கண்டறிந்தார். அவ்விளைவே இவ்வுணரியின் அடிப்படை. உணரிக்குப் பின்னே சிறு காந்தம் இருக்கும். உருக்குப் பல் முன்னே வரும்போது காந்தப் புலம் வலுப்பெறும்; இடைவெளி வரும்போது தளரும். அம்மாற்றம் மின்குறியாகக் கணினிக்குச் செல்லும்.

நேயர்களே, உணரி ஒன்று போதாதா என்று நீங்கள் வினவலாம். வீதியோர வீட்டில் ஒரே யன்னல் இருந்தால், ஒருவர் கடந்து சென்றார் என்பதை அறியலாம். எத்திசையிற் சென்றார் என்பதை அறிய முடியாது. இரண்டு யன்னல்கள் இருந்தால், எதில் முதலில் தோன்றினார் என்பதே திசையைச் சொல்லிவிடும். அவ்வாறே உணரிகளும் இரண்டாதல் வேண்டும். அவற்றின் இடைத்தூரம் முழுப் பல்லளவுகள் சிலவற்றுடன் காற்பல்லளவு கூடியதாக இருத்தல் வேண்டும். அப்போது ஒவ்வொரு பல்லும் நான்கு மாற்றங்களைத் தரும். 60 பற்களுள்ள சில்லின் ஒரு சுற்றுக்கு 240 குறிகள். மேற்கூறிய புரியில் ஒரு குறிக்கு 0.00625 மில்லிமீற்றர்.

திசையறிவு துளையின் அடியிலேதான் இன்றியமையாததாகிறது. அங்கே சுழல்தண்டு தளர்ந்து, நின்று, எதிர்த்திசையிற் சுழலத் தொடங்கும். திரும்பியதை அறியாத பொறி மேலும் கீழே அழுத்தும், கருவி முறியும். ஆகையால், அசையாது நிற்கும் பல்லையும் உணரவல்ல உணரியையே தெரிந்தெடுத்தல் வேண்டும். வேகம் குறையக் குறையக் குறியும் மங்கிப்போகும் கம்பிச்சுருள் உணரி இதற்கு உதவாது. மூன்றாவது உணரியொன்று சுற்றுக்கு ஒரு முறை தொடக்கக் குறி தந்தால், வெட்டிய புரிக்குள்ளேயே கருவியை மீண்டும் செலுத்தலாம்.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. பற்சில்லைச் சுழல்தண்டிலேயே பூட்டுக. வழுக்கக்கூடிய பட்டிக்கு அப்பால், மோட்டரிற் பூட்டற்க. சில்லு கோணாது சுழலட்டும். கோணினால் உணரிக்கும் பல்லுக்குமிடையே உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும். காந்தம் இரும்புத் துகள்களை ஈர்க்குமாதலால், அலுமினிய உறையிட்டுக் காக்க.

பின்னர், கருவியைப் பூட்டாது, சுழல்தண்டைக் கையால் முன்னே பத்துச் சுற்றுச் சுற்றுக. எண்ணிக்கை 2400 காட்ட வேண்டும். பின்னே பத்துச் சுற்றுச் சுற்றினால் பூச்சியத்துக்கு மீள வேண்டும். ஒரு குறி தவறினாலும் காரணத்தைக் கண்டு திருத்தியபின்னரே இரும்பைத் தொடுக. பத்து நிமிடச் சோதனை பல நாள் உழைப்பைக் காக்கும்.