ஆற்றில் இறங்கும் ஜீப்புக்கு மூச்சுக் குழாய்!

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் கேப் யார்க் என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. அங்கே 1887-ம் ஆண்டில் தந்திக் கம்பி போட்டு முடித்தார்கள். கம்பங்களை ஒட்டி ஒரு பாதை உண்டாயிற்று. இன்று தந்தி இல்லை. பாதை மட்டும் இருக்கிறது.

பாதை என்றால் தார் ரோடு அல்ல. மணலும் பள்ளமும்தான். குறுக்கே பல ஓடைகள். பெரும்பாலும் பாலம் கிடையாது. மழைக்காலம் முடிந்ததும் வேடிக்கை பார்க்க ஜீப்புகளில் ஜனங்கள் வருவார்கள். தண்ணீரில் இறங்கித்தான் அக்கரை ஏறவேண்டும். நோலன்ஸ் புரூக் என்ற ஓடையில் வண்டிகள் முழுகியதும் உண்டு. அந்தப் பக்கத்து ஆறுகளில் முதலையும் உண்டு!

என்ஜினுக்குள் தண்ணீர் போனால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆகவே என்ஜின் காற்று இழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்குக் குழாய் வைத்துத் தூக்கிவிடுகிறார்கள். பார்க்க யானைத் துதிக்கை மாதிரி ஜோராக இருக்கும்.

அது போதுமா? போதாது!

அடியில் ஒரு பானை

சக்கரங்களுக்கு நடுவே, வண்டியின் அடியில், பானை போல ஒன்று புடைத்திருக்கும். அதன் பெயர் டிபரன்ஷியல். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடவேண்டும் அல்லவா? அதற்கு வழி செய்வது இதுதான். உள்ளே பல்சக்கரங்கள் ஆயிலில் நனைந்தபடி சுற்றும்.

சுற்றச் சுற்றச் சூடு ஏறும். உள்ளே இருக்கும் காற்று விரியும். வெளியே போக வழி இல்லாவிட்டால், ஆயில் சீலைத் தாண்டி ஆயில் கசியும். பிரேக்கில் பட்டால் ஆபத்து! அதனால் மேலே சிறு துளை வைத்து மூடி போட்டிருக்கிறார்கள். அதுதான் மூச்சுத் துளை.

சூடும் குளிரும்

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். வெந்நீரில் கழுவிய டம்ளரைச் சூடு ஆறுமுன் தண்ணீர் உள்ள தட்டில் கவிழ்த்து வையுங்கள். டம்ளர் ஆற ஆற, தட்டுத் தண்ணீர் உள்ளே ஏறும். குளிர்ந்த காற்று சுருங்குவதே காரணம்.

ஜீப்பிலும் இதே கதைதான். கொதிக்கும் டிபரன்ஷியல் திடீரென்று குளிர்ந்த ஓடையில் முழுகுகிறது. காற்று சுருங்குகிறது. மூச்சுத் துளை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரையே குடித்துவிடும்!

வண்டி நிற்காது. அக்கரை ஏறி ஓடும். அதுதான் மோசம். தண்ணீர் கலந்த ஆயிலில் பல்சக்கரமும் பேரிங்கும் தேய்ந்து, துரு ஏறி, பல நாள் கழித்துக் கரகரவென்று சத்தம் கேட்கும். அப்போது மெக்கானிக் ஷாப் எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறதோ!

மருந்து சுலபம்

மூடியைக் கழற்றிவிட்டு, ஆயிலுக்குத் தாங்கும் ரப்பர் குழாய் ஒன்றை மாட்ட வேண்டும். சுண்டுவிரல் பருமன் போதும். மறுமுனையை என்ஜின் இருக்கும் இடத்தில் உயரமாகக் கட்டி, தூசி போகாமல் சிறு வடிகட்டி போடுவார்கள். வாய் கீழே பார்க்க வேண்டும். துதிக்கையோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம். ஆனால் யார் கண்ணிலும் படாது. அதனாலோ என்னவோ, பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

குழாயை இழுத்துக் கட்டக் கூடாது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது பிடுங்கிக்கொள்ளும். நடுவில் தொங்கவும் விடக்கூடாது. தொங்கும் இடத்தில் ஆயில் தேங்கி மூச்சை அடைக்கும். சூடான புகைக் குழாயின் பக்கமே போகக் கூடாது.

குழாய் போட்டாலும், பழைய ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் புகலாம். ஆகவே ஓடை தாண்டியபின், வண்டி ஆறியதும் ஆயிலைப் பார்ப்பது நல்லது. பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. உடனே வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும். அந்தப் பாதைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டு மூட்டையோடு ஒரு டின் ஆயிலையும் ஏற்றிக்கொள்ள வேண்டும்.