வான்வழிப் பயணமும் வழிச்சோறும்

நெடும்பயணம் புறப்படுவோர்க்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்புதல் தமிழர் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். போடிநாயக்கனூரிலிருந்து கால்நடையாக மலையேறி மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த நம் பாட்டன் பாட்டிமார், கட்டுச்சோற்று மூட்டையோடுதான் வந்தனர் என்று கேட்டிருக்கிறோம். பாலக்காட்டுக் கணவாய் வழியே சித்தூர்ப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களிலும் இத்தகைய கதைகள் உண்டு. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் துபாய்க்கும் தோகாவுக்கும் சிங்கப்பூருக்கும் இலண்டனுக்கும் வானத்தின் வழியே செல்கின்றனர். பயணம் மாறிவிட்டது, அனுப்பி வைக்கும் தாயின் கை மட்டும் மாறவில்லை. "வழியில் என்ன கிடைக்குமோ! வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போ" என்பதே இன்றும் அவள் சொல். அச்சொல்லில் உள்ள அன்பைப் பற்றி யாருக்கும் ஐயம் இல்லை. அது விமானப் பயணத்துக்குப் பொருந்துமா என்பதையே நாம் ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

நம் உறவினர் இல்லமொன்றில் நிகழ்ந்ததை முதலிற் சொல்லிவிடுகிறோம். தேவிகுளத்தை அடுத்த தோட்டக் குடியிருப்பில் வாழும் குடும்பம் அது. அவ்வீட்டுப் பிள்ளைக்கு வளைகுடா நாடொன்றில் வேலை கிடைத்தது. தாயின் நகையை அடகு வைத்துப் பயணச் செலவுக்குப் பணம் தேடினார்கள். விமானம் நள்ளிரவுக்குப் பின் புறப்படுவது. அன்று நண்பகலில் உற்றார் உறவினர் அனைவரும் கூடிய விருந்து. ஆட்டுக்கறிப் பிரியாணி, கொண்டைக்கடலைக் குழம்பு, முட்டை, பாயசம். பரிமாறிய அத்தைமாரும் சித்திமாரும் ஆளுக்கொரு கரண்டி கூடுதலாக வைத்தனர். பிள்ளையும் மறுக்க மனமின்றி உண்டான். மாலையில் வண்டி ஏறினர். அடிமாலியை அடையுமுன்னே வயிறு புரண்டது; நேரியமங்கலம் சேர்வதற்குள் மூன்று முறை வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. அதன்பின் அச்சத்தால் அவன் ஒரு வாய்த் தண்ணீரும் பருகவில்லை. விமானத்தில் வந்த உணவுத் தட்டையும் தொடவில்லை. மறுநாட் காலை, அயல்நாட்டு விமான நிலையத்தில் வரிசையில் நிற்கையில் மயங்கி விழுந்தான்.

உயிருக்கு ஊறு ஒன்றும் இல்லை. அன்று சேர வேண்டிய வேலையில் இரண்டு நாள் கழித்துச் சேர்ந்தான். முதல் மாதச் சம்பளத்தில் அவ்விரு நாட்களும் பிடித்தமாயின. பணம் போனது பெரிதன்று. "நான் போட்ட சோறே என் பிள்ளையைக் கீழே தள்ளிவிட்டதே" என்று அத்தாய் ஓராண்டுக் காலம் நொந்துகொண்டாள். அந்த வருத்தம் நம் வாசகர் இல்லம் எதற்கும் நேர வேண்டாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயணம் தொடங்கும் இடம்

விமானம் கிளம்பும் நேரத்தையே பயணத்தின் தொடக்கமாக நாம் கருதுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது. 1999-இல் திறக்கப்பட்ட நெடும்பாசேரி விமான நிலையம் மூணாற்றிலிருந்து ஏறக்குறைய 110 கிலோமீட்டர். மலைப்பாதையாதலின் 4 மணி நேரமாவது செல்லும். அயல்நாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். விமானம் எழும்பிய பின் உணவு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகலாம். ஆக, வீட்டில் உண்டதற்கும் வானில் உண்பதற்கும் இடையே 8 மணி நேரம் கழிகிறது. பாலக்காடு, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அன்பர்களுக்குச் சமவெளிச் சாலையும், அருகிலேயே கோவை விமான நிலையமும் உண்டு. அவர்களுக்கும் 5 மணி நேரத்துக்குக் குறையாது.

ஆகவே, "விமானம் ஏறுமுன் என்ன உண்பது?" என்னும் ஒரு கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் என்ன உண்பது? வண்டி ஏறுமுன் என்ன உண்பது? நிலையத்துக்குள் நுழையுமுன் என்ன உண்பது? மூன்றுக்கும் விடை வெவ்வேறு.

காற்று விரியும் கதை

மூணாற்றுக் கடைவீதியில் தொங்கும் சிப்ஸ் பொட்டலங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சமவெளியில் அடைத்து அனுப்பப்பட்ட பொட்டலம், 5,000 அடி உயரத்துக்கு வந்ததும் பந்துபோல் உப்பி நிற்கிறது. உள்ளே காற்று கூடிவிடவில்லை. வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தது, உள்ளிருந்த காற்று விரிந்தது. அவ்வளவே.

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், அதனுள்ளே காற்றழுத்தம் செயற்கையாகக் கூட்டப்படுகிறது. ஆயினும் அது தரையிலுள்ள அளவுக்கு இருப்பதில்லை. 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலைமேல் இருப்பதற்கு ஒப்பாகவே இருக்கும். நம் ஆனைமுடி 2,695 மீட்டர், அஃதாவது 8,800 அடிக்குச் சற்று மேல். எனவே விமானத்தில் அமர்ந்திருப்பவர் ஆனைமுடியின் உச்சிக்குச் சற்றுக் கீழே அமர்ந்திருப்பவரைப் போன்றவர். அந்நிலையில் நம் குடலிலுள்ள வாயு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். பொட்டலம் உப்புவது போல வயிறும் உப்பும். உடை இறுகும், நெஞ்சு கரிக்கும், சிலருக்கு மூச்சு முட்டுவது போலவும் தோன்றும்.

இங்கே நம் இல்லத்தரசியர் நினைவில் வைக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு முதலியவற்றில் உள்ள ஒருவகைச் சர்க்கரை சிறுகுடலில் செரிப்பதில்லை. அது பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதித்து வாயுவாகிறது. இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். ஆகையால் விமானத்தில் வருத்தும் வாயு, பெரும்பாலும் ஏறும்போது உண்டதனால் விளைந்ததன்று. அன்று காலையிலோ முதல் நாள் இரவிலோ உண்டதன் விளைவு. காலையில் புட்டும் கடலையும் உண்டு, நள்ளிரவில் விமானம் ஏறி, "நான்தான் இரவில் ஒன்றுமே உண்ணவில்லையே" என்று வியப்போர் இதனை அறிக.

முதல் நாளும் புறப்படும் நாளும்

முதல் நாள் முதற்கொண்டே பயறு வகைகள், முட்டைக்கோசு, காலிபிளவர், முள்ளங்கி, பலாப்பழம், நுரை பொங்கும் குளிர்பானம் ஆகியவற்றை ஒதுக்குக. எண்ணெய்ப் பலகாரமும் கொழுப்பு மிக்க கறியும் இரைப்பையில் நெடுநேரம் தங்கும், அவற்றையும் குறைக்க. குழைய வடித்த சோறு, இரசம், மோர், சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய்க் கூட்டு, வேகவைத்த மீன் இவை போதும். விருந்து வைத்தே தீர வேண்டும் எனில், அதனை இரண்டு நாள் முன்னதாக வைத்துக்கொள்ளலாம். உறவினர்க்கும் மனக்குறை இராது. செல்பவர்க்கும் வயிற்றுக்குறை நேராது.

மலைப்பாதையில் செல்வோர் வெறும் வயிற்றோடு வண்டி ஏறுவதும் தவறு. நிரம்பிய வயிறு போலவே காலி வயிறும் குமட்டலைத் தூண்டும். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ, ஒரு கிண்ணம் இரசஞ்சோறோ உண்டால் நலம். வண்டியின் முன்னிருக்கையில் அமர்ந்து தொலைவில் பார்வையை வைத்தல், ஒரு துண்டு இஞ்சி மரப்பாவை வாயில் அடக்குதல், எலுமிச்சம்பழத்தை முகர்தல் ஆகிய நம் மலைப்பேருந்துப் பழக்கங்கள் இங்கும் கைகொடுக்கும். குமட்டல் மாத்திரை தேவைப்படுவோர் மருத்துவரைக் கேட்டுப் புறப்படுமுன்னே உட்கொள்க. வாந்தி தொடங்கிய பின் உட்கொள்வதால் பயன் குறைவு.

விமான நிலையத்தை அடைந்ததும், உள்ளே நுழையுமுன், வழியனுப்ப வந்தவர்களுடன் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரிப்பது நல்ல வழக்கம். அதற்கு ஏற்ற உணவு எது? தேங்காய்ச் சட்டினி சில மணி நேரத்தில் ஊசிவிடும். சூட்டோடு மூடி வைத்த சோறும் சமவெளி வெப்பத்தில் கெடக்கூடும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லிக்கு இணை இல்லை. பாலக்காட்டில் எலப்புள்ளியை அடுத்த ராமசேரியில், தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த முதலியார் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் இட்லி இதற்குச் சான்று. மண்வளையத்தில் நூல் வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து மாவூற்றி, ஆவியில் வேகவைப்பர். தட்டையாகத் தோசை போன்று இருக்கும். எளிதில் கெடாது என்னும் பெயர் பெற்றது. குடிபெயர்ந்த நம்மவர் கையிற் பிறந்த உணவு, குடிபெயர்ந்து செல்வார்க்கு வழியுணவாவது பொருத்தந்தானே!

விமானத்துக்குள்

வானில் உணவு சுவைப்பதில்லை என்று நம்மவர் குறை கூறுவர். குற்றம் முழுவதும் சமைத்தவருடையதன்று. ஜெர்மனி நாட்டு ஃபிரான்ஹோபர் ஆய்வு நிறுவனத்தார் நடத்திய ஆய்வில், விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்திலும் உலர்ந்த காற்றிலும் உப்பும் இனிப்பும் நாவுக்குக் குறைவாகவே தோன்றும் என்று கண்டனர். இதை அறியாமல் ஊறுகாயை மிகுதியாகச் சேர்த்துக்கொண்டால், தாகம் மிகும், காலும் வீங்கும். மரக்கறி உணவு வேண்டுவோர் பொதுவாக 24 மணி நேரம் முன்னதாகவே விமான நிறுவனத்தாரிடம் பதிவு செய்ய வேண்டும்.

நம் பெண்மக்களுக்கு ஒரு வேண்டுகோள். கழிவறைக்கு எழுந்து செல்ல நாணித் தண்ணீர் பருகாமலே பயணம் செய்வோர் பலர். விமானத்தின் உட்காற்று மிகவும் உலர்ந்தது. ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்து செய்யும் பயணங்களில், காலின் உட்குருதிக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் தெரிவித்தது. இது பலருக்கு நேர்வதன்று. ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவர்க்கே நேரும் என்றும் அந்நிறுவனமே கூறியது. ஆயினும் சிறிது சிறிதாகத் தண்ணீர் பருகி, அவ்வப்போது எழுந்து நடந்தால் தாகமும் தீரும், காலும் வீங்காது. மது அருந்துவதைத் தவிர்ப்பது எல்லார்க்கும் நன்று.

நீரிழிவு உடைய பெற்றோர் மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கடல் கடந்து செல்வது இக்காலத்தில் மிகுதி. அவர்கள் உணவைத் தவிர்த்தல் ஆகாது. மாத்திரையும் இன்சுலினும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். கீழறையில் செல்லும் பெட்டியில் வைத்தால் இன்சுலின் உறைந்து கெடலாம். உணவுடன் சேர்த்துப் போட வேண்டிய இன்சுலினை, உணவுத் தட்டு கண்முன் வந்த பின்னரே போட்டுக்கொள்ள வேண்டும்; "இதோ வருகிறது" என்று நம்பிப் போட்டபின் உணவு தாமதித்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். மேற்கே செல்லும்போது பகல் நீளும், கிழக்கே செல்லும்போது குறுகும். மருந்தின் வேளையை மருத்துவரிடம் முன்னரே எழுதி வாங்கிக்கொள்க. நான்கு சர்க்கரை மிட்டாய்கள் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

கொண்டு செல்லும் பொருள்

சாம்பார், தயிர், நெய், ஊறுகாய் எண்ணெய் இவை நீர்மப் பொருள்கள் என்றே கொள்ளப்படும். அயல்நாட்டுப் பயணத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்டால் கைப்பையில் கொண்டு செல்ல விடார். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பற்றுமாதலின் அதற்கும் தடை உண்டு. எல்லாவற்றினும் முக்கியமானது கசகசா. நாம் குருமாவில் அரைத்துச் சேர்க்கும் இப்பொருள், அபின் செடியின் விதையாதலின், ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர் முதலிய நாடுகளில் தடை செய்யப்பட்டது. மசாலாப் பொடி அரைத்துக் கொடுக்கும் தாய்மார், அதில் ஒரு சிட்டிகை கசகசாவும் சேராமல் பார்த்துக்கொள்க. அச்சிறு பிழையால் பிள்ளை சிறைவாயில் வரை செல்ல நேரலாம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் புரட்டிப் பார்ப்போர் ஒன்றைக் காண்பர். அதன் பத்துக் குறள்களுள் பெரும்பாலானவை உண்ணும் முறையைப் பற்றியே பேசுகின்றன. முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்து, அளவோடு உண்பதே அங்குச் சொல்லப்பட்ட மருந்து. விமானத்தை அறியாத காலத்து அறிவுரை விமானத்துக்கும் பொருந்தி நிற்கிறது.

தேவிகுளத்துப் பிள்ளை ஈராண்டு கழித்து விடுமுறையில் வந்து மீண்டும் புறப்பட்டபோது, விருந்து இரண்டு நாள் முன்னதாகவே முடிந்திருந்தது. புறப்படும் நாள் நண்பகலில் இரசஞ்சோறும் சுரைக்காய்க் கூட்டும் மட்டுமே. நெடும்பாசேரியில் விமான நிலையத்துக்கு வெளியே, வாழையிலையில் மடித்த பொடி இட்லியை அத்தாய் பிரித்து வைத்தாள். அவன் மூன்று தின்றான். நான்காவதை எடுத்த கையை அவளே நிறுத்தி, "போதும் அப்பா, இனிப் போய் இறங்கிச் சாப்பிடு" என்றாள். மறுநாட் காலை அவன் தொலைபேசியில் அழைத்தான். தான் இறங்கிவிட்டதையும், நேரே வேலைக்குச் செல்வதையும் கூறினான். பசிக்கிறது என்றும் சொன்னான். அந்தச் சொல்லைக் கேட்டுத் தாய் மகிழ்ந்ததை நாம் அருகிருந்து கண்டோம்.