கொட்டைக்காக எறியும் பழம்

வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் களுதாவளை மணலில் வெங்காயமும் மிளகாயும் வெற்றிலையும் விளைய வேண்டுமென்றால் தண்ணீர் இறைத்து மாள வேண்டும். மரமுந்திரிகைக்கு அந்தப் பாடில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் வறண்ட மணலிலும் அது தன்பாட்டில் நின்று காய்க்கும். கொட்டையைத் திருகி எடுத்த பிறகு பழம் மரத்தடியிலேயே புளித்துப் போகிறது. பழத்தின் எடையோ கொட்டையைப்போல 8 முதல் 10 மடங்கு!

எறிகிற அந்தப் பழத்தில் 100 கிராமுக்குச் சுமார் 200 மில்லிகிராம் விட்டமின் சி உண்டு. தோடம்பழத்தில் 50 தான். பிறகு ஏன் எறிகிறோம்? துவர்ப்பு. பழத்திலுள்ள டானின் நம் உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துக்கொள்வதால்தான் நாக்கு இழுக்கிறது. பிடித்துக்கொள்ள வேறொன்றைக் கொடுத்துவிட்டால் நாக்கு தப்பும். கேரள வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் வழி சவ்வரிசி: கூழாகக் காய்ச்சிச் சாற்றில் கலந்தால் டானின் அடியில் படியும், தெளிந்த சாற்றை இறுத்துக்கொள்ளலாம். எந்த அடுப்படியிலும் நடக்கிற காரியம்.

பிழிந்த சக்கையிலும் சரக்கு இருக்கிறது. பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவிலுள்ள எம்பிராப்பா ஆய்வு நிலையம், பிரான்ஸ் ஆய்வாளர்களோடு சேர்ந்து அதிலிருந்து மஞ்சள் நிறமியான கரோட்டினாய்டைப் பிரித்திருக்கிறது. அது நீரில் கரையாது. ஆனால் சக்கையைத் தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பப் பிழியும்போது நுண்ணிய திசுத் துணுக்குகளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. நொதி சேர்த்து, நுண்துளைச் சவ்வில் வடித்துச் செறிவாக்குகிறார்கள். கரைப்பானாக எந்த இரசாயனமும் வேண்டாம் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

பருப்பை மூடியிருக்கும் சிவந்த தோலையும் விடக்கூடாது. மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தின் மேத்யூவும் பார்ப்பியாவும் அதில் கேட்டெச்சினும் எபிகேட்டெச்சினும் மிகுந்திருப்பதை 1970இலேயே காட்டினார்கள். தேயிலையின் புகழுக்குக் காரணமான அதே குடும்பத்துச் சேர்மங்கள்.

இடிக்கிற இடம் ஆய்வுகூடத்தில் இல்லை. பறித்த பழம் ஒரு நாள் தாங்குவதே பெரிது. கொழும்புக்கு லொறியில் அனுப்பினால் போய்ச் சேர்வது கள்தான். காய்ந்த தோலோ மூட்டையில் எத்தனை நாளும் கிடக்கும், எங்கும் போகும். ஆகவே பிழியும் இயந்திரம் பங்குனி, சித்திரையில் தோட்டத்துக்கு வரவேண்டும். நுட்பமான பிரித்தெடுப்பைத் தோலிலிருந்து தொடங்கலாம், அதுவும் கொட்டை உடைக்கும் இடங்களில் ஏற்கெனவே ஒரே குவியலாகச் சேர்ந்துதான் கிடக்கிறது.