கையின் அமைப்பும் அதன் சீரமைப்பும்

மனிதன் இயற்றும் தொழில்களிற் பெரும்பாலானவை கையின் துணையின்றி நடைபெறா. நாற்று நடுபவர், தறி நெய்பவர், உளி பிடிப்பவர், வீணை மீட்டுபவர், அறுவை மருத்துவர் ஆகிய யாவரும் இத்துணை வேறுபட்ட பணிகளுக்கு ஒரே உறுப்பையே பயன்படுத்துகின்றனர். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை ஏறத்தாழ அரைக் கிலோகிராம் எடையே உள்ள இவ்வுறுப்பு, கோடரியை இறுகப் பற்றவும் ஊசியில் நூல் கோக்கவும் வல்லதாய் இருப்பது எவ்வாறு? எலும்பு, மூட்டு, தசை, நரம்பு ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று இயைந்து நிற்பதே இதற்குக் காரணம். இவற்றுள் ஒன்று குன்றினும் ஏனைய மூன்றும் பயனற்றுப் போகும்.

உடலின் உள்ளமைப்பை அறியும் முயற்சி இந்நாட்டிற்குப் புதியதன்று. இறந்தோர் உடலைப் புல்லால் சுற்றி, கூட்டில் இட்டு, ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவைத்து, பின்னர் மெல்லச் சுரண்டி ஒவ்வோர் அடுக்காய்க் கண்டறியும் முறையைச் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. அந்நூல் மனித எலும்புகளை 300 எனக் கணக்கிடுகிறது. இன்றைய உடற்கூற்றியலார் வளர்ந்தோர் உடலில் 206 எலும்புகள் உள்ளன என்பர். பற்களையும் சில குருத்தெலும்புகளையும் பண்டையோர் எலும்புகளாகவே எண்ணியது இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணமாகும். ஐரோப்பாவில் வெசேலியஸ் 1543-இல் வெளியிட்ட பெருநூலில் அமைந்த அவரது உருவப்படம், அறுத்துப் பிரிக்கப்பட்ட ஒரு கையின் தசைநாண்களை அவர் காட்டிநிற்பதாகவே வரையப்பட்டுள்ளது. இந்தியாவில் 1835-இல் நிறுவப்பட்ட கல்கத்தா மருத்துவக் கல்லூரியில், அடுத்த ஆண்டே பண்டிட் மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்து ஆராய்ந்தார். சமூகத்தின் கடும் எதிர்ப்பிற்கிடையே நிகழ்ந்த அச்செயல் நவீன உடற்கூற்றுக் கல்விக்கு இந்நாட்டில் வழி திறந்தது.

எலும்புச் சட்டகம்

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. இரு கைகளிலும் சேர்த்து 54. உடலின் மொத்த எலும்புகளிற் கால் பங்கிற்கு மேல் கைகளிலேயே அமைந்துள்ளன என்பது வியப்பிற்குரியது. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் நான்கு நான்காக இரு வரிசைகளில் கூழாங்கற்களைப்போல அடுக்கப்பட்டுள்ளன. உள்ளங்கையில் ஐந்து நீண்ட எலும்புகளும், விரல்களில் பதினான்கு எலும்புகளும் உள்ளன. கட்டை விரலுக்கு மட்டும் இரண்டு; ஏனைய விரல்களுக்கு மும்மூன்று.

பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ் கதிரால் படமெடுத்தால், அவ்விடத்தே எலும்பு ஒன்றும் தோன்றுவதில்லை. அப்பருவத்தில் அவை யாவும் குருத்தெலும்பாகவே உள்ளன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓர் ஒழுங்குடன் எலும்பாக மாறுகின்றன. இவ்வொழுங்கைக் கொண்டு குழந்தையின் வளர்ச்சி வயதிற்கேற்ப உள்ளதா என மருத்துவர் மதிப்பிடுகின்றனர்.

மணிக்கட்டின் கட்டைவிரற் பக்கத்தே படகு போன்ற வடிவமுடைய ஓர் எலும்பு உண்டு. கீழே விழுகிறவர் கையை நீட்டி ஊன்றும்போது, மணிக்கட்டெலும்புகளுள் மிகுதியாக முறிவது இதுவே. இவ்வெலும்பிற்கு இரத்தம் பெரும்பாலும் விரற்பக்கத்து முனையிலிருந்தே நுழைகிறது. எனவே இடையில் முறிவு நேர்ந்தால் மற்றைய முனை இரத்தமின்றி நலிவுறலாம். முதலில் எடுக்கும் படத்தில் இம்முறிவு தெரியாமற் போவதும் உண்டு. விழுந்தபின் கட்டை விரலின் அடியிலுள்ள குழியில் வலி நீடித்தால், அதனை வெறும் சுளுக்கென்று கருதி எண்ணெய் தேய்த்து விட்டுவிடுதல் தகாது.

கட்டை விரலின் சிறப்பு

எலும்புகள் கூடும் முனைகள் வழவழப்பான குருத்தெலும்பால் போர்த்தப்பட்டுள்ளன. உறுதியான பிணையங்கள் அவற்றைச் சேர்த்துக் கட்டுகின்றன. மூட்டறையிலுள்ள உயவுநீர் உராய்வைக் குறைக்கிறது. விரல்களின் நடுமூட்டும் நுனிமூட்டும் கதவின் கீலைப்போல ஒரு திசையில் மட்டுமே மடங்குபவை. விரல் உள்ளங்கையோடு சேரும் முதல் மூட்டோ, மடங்குவதோடு பக்கவாட்டிலும் அசையும்.

கட்டை விரலின் அடிமூட்டு இவற்றினின்றும் வேறானது. குதிரையின் சேணமும் அதன்மேல் அமர்ந்தவனும் போல இரு எலும்புகள் அங்குப் பொருந்தியுள்ளன. சேணத்தில் அமர்ந்தவன் முன்னும் பின்னும் சாயலாம். இடமும் வலமும் சாயலாம். அவ்வாறே கட்டை விரலும் உள்ளங்கையின் குறுக்கே வந்து, ஏனைய நான்கு விரல்களின் நுனிகளையும் எதிர்நின்று தொடுகிறது. கையின் பயனிற் பெரும்பகுதி இவ்வொரு மூட்டைச் சார்ந்ததே. ஆங்கில உடற்கூற்றறிஞர் ஜான் நேப்பியர் 1956-இல் கையின் பிடிகளை வலிமைப் பிடி, நுண்மைப் பிடி என இருவகைப்படுத்தினார். சம்மட்டியைப் பற்றுவது முன்னது. பேனாவைப் பிடிப்பது பின்னது. இரண்டிலும் கட்டை விரலே முதன்மை பெறுகிறது.

விரலை இயக்கும் தசைகள் எங்குள்ளன?

விரல்களை மடக்கி நீட்டும் தசைகள் விரல்களுக்குள் இல்லை. வலிமை மிக்கவை முன்கையில் உள்ளன. ஒரு கையால் மற்றைய முன்கையைப் பற்றிக்கொண்டு விரல்களை அசைத்தால், தோலின்கீழ்த் தசைகள் திரண்டு தளர்வதை உணரலாம். பொம்மலாட்டக்காரன் திரைக்குப் பின்னே நின்று நூல்களால் பொம்மையை ஆட்டுவது போல, இத்தசைகள் நீண்ட தசைநாண்களின் வாயிலாகத் தொலைவிலிருந்தே விரல்களை இயக்குகின்றன. தசைகள் விரலிலேயே அமைந்திருப்பின் விரல்கள் பருத்து, நுண்ணிய வேலைக்கு உதவாமற் போயிருக்கும்.

கட்டை விரல் நீங்கலான ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் வருகின்றன. மேலே உள்ளது இரண்டாகப் பிளந்து நடுவெலும்பில் பதிகிறது. கீழே உள்ளது அப்பிளவின் ஊடே நுழைந்து நுனியெலும்பை அடைகிறது. இவை விரலை விட்டு விலகி வில்லின் நாண்போல் எழும்பாதவாறு, உறுதியான வளையங்கள் எலும்போடு சேர்த்துப் பிடித்துள்ளன. ஒருவருக்கு ஒரு விரலின் மேல்தசைநாண் இல்லாவிடினும், கீழ்த்தசைநாண் அவ்விரலை முற்றும் மடக்க வல்லது. பின்னர்க் கூறப்படும் அறுவை முறைக்கு இதுவே அடிப்படையாயிற்று.

விரல்களை நீட்டும் தசைநாண்கள் புறங்கையில் குறுக்கிணைப்புகளால் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. நடுவிரலை மட்டும் உள்நோக்கி மடக்கி, கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து, மோதிர விரலை உயர்த்த முயன்றால் அது பெரும்பாலோர்க்கு இயலுவதில்லை. சுட்டு விரலுக்கும் சிறு விரலுக்கும் தனியே நீட்டுதசை உண்டாகையால் அவை எளிதில் உயரும். மணிக்கட்டை முழுதும் உட்புறம் வளைத்துக்கொண்டு கைமுட்டியை இறுக்கினால் பிடி தளர்ந்திருப்பதையும் எவரும் சோதித்தறியலாம். மணிக்கட்டைப் பின்னோக்கி நிமிர்த்தும் தசைகளின் துணையிருந்தாலன்றி மடக்குதசைகள் தம் முழு வலிமையைக் காட்டா.

உள்ளங்கையின் சிறு தசைகள்

முன்கைத் தசைகள் வலிமையைத் தருகின்றன. நுட்பத்தைத் தருபவை உள்ளங்கைக்குள் அமைந்த சிறு தசைகளே. எலும்புகளுக்கிடையே உள்ள ஏழு தசைகளும், மண்புழுவைப்போல் மெலிந்த நான்கு தசைகளும் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவை ஒரே நேரத்தில் இரு வேலைகளைச் செய்கின்றன: விரலின் முதல் மூட்டை மடக்குகின்றன, மற்றைய இரு மூட்டுகளையும் நீட்டுகின்றன. சோற்றுக் கவளத்தை எடுக்கும்போதும் எழுதும்போதும் விரல்கள் கொள்ளும் நிலை இதுவே.

இச்சிறு தசைகளிற் பெரும்பாலானவற்றை இயக்குவது அல்னா நரம்பு. இது முழங்கையின் உட்புற எலும்பு முனைக்குப் பின்னே தோலுக்கு மிக அண்மையில் செல்கிறது. முழங்கை எங்கேனும் இடித்துக்கொண்டால் சிறு விரல்வரை மின்னதிர்ச்சி போலப் பாய்வது இந்நரம்பு தாக்கப்படுவதாலாம். சிறு விரலின் உணர்ச்சியும், மோதிர விரலில் ஒரு பாதியின் உணர்ச்சியும் இதனையே சார்ந்துள்ளன.

நரம்பு கெட்டால் நேர்வது

1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, உடலின் குளிர்ந்த பகுதிகளையே நாடுவது. ஆகவே தோலுக்கு அண்மையில் செல்லும் அல்னா நரம்பு முழங்கையருகே வீங்கி நலிவுறுகிறது. அதனால் உள்ளங்கைத் தசைகள் செயலிழக்கின்றன. முன்கைத் தசைகளோ பெரிதும் நலமாகவே உள்ளன. சமநிலை குலைந்தமையால் விரலின் முதல் மூட்டு பின்னோக்கிச் சாய, மற்றைய மூட்டுகள் வளைந்து, கை பறவையின் நகம் போன்ற உருவத்தை அடைகிறது. பொருளைப் பற்ற முயன்றால் விரல் நுனிகள் முதலிற் சுருண்டு அதனை வெளியே தள்ளிவிடுகின்றன. மணிக்கட்டில் நடுநரம்பும் கெடுமாயின் கட்டை விரல் எதிர்நிற்கும் ஆற்றலையும் இழக்கும்.

தொழுநோயால் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என மக்கள் நெடுங்காலம் நம்பினர். அவ்வுடலில் செய்த அறுவைப் புண் ஆறாது என்ற எண்ணம் மருத்துவரிடையேயும் நிலவியது. இவ்விரண்டும் பிழை என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட் காட்டினார். 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, லண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூருக்கு வந்தவர் அவர். வலியுணர்ச்சி அற்ற கை, கொதிக்கும் பாத்திரத்தையும் கூரிய கருவியையும் விலக்குவதில்லை. உறங்கும்போது எலி கடிப்பதும் தெரிவதில்லை. கவனிக்கப்படாத புண்களே சீழ்கொண்டு எலும்பைச் சிறிது சிறிதாக அரித்துவிடுகின்றன. கிருமி உணர்ச்சியை அழிக்கிறது; விரலை அழிப்பது காயமே.

இவ்வுண்மை நம்பிக்கையளித்தது. 1948 முதல் பிராண்ட் மடங்கிய கைகளைச் சீரமைக்கலானார். விரலை மடக்கும் இரு தசைநாண்களுள் ஒன்று மிகையாகையால், ஒரு விரலின் மேல்தசைநாணைப் பதிந்த இடத்தினின்றும் விடுவித்து, நான்காகப் பிளந்து, சிறு தசைகள் செல்லும் வழியே செலுத்தி, விரல்களின் நீட்டுநாணோடு தைத்தனர். காயமுற்ற கைகளுக்கு அமெரிக்காவில் ஸ்டெர்லிங் பன்னல் போன்றோர் கையாண்ட முறை இது. பின்னர் மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளுள் ஒன்றை எடுத்து, காலிலுள்ள மெல்லிய தசைநாணால் நீட்டிப் பயன்படுத்தும் முறையையும் பிராண்ட் வகுத்தார்.

அறுவையோடு வேலை முடிவதில்லை. ஏறத்தாழ மூன்று வாரம் கை சாந்துக் கட்டில் இருக்கும். அதன்பின், நேற்றுவரை விரலை மடக்கிய தசையைக் கொண்டு இன்று விரலை நீட்ட நோயாளி பழக வேண்டும். மூளைக்குத் தரும் இப்பயிற்சி வாரக்கணக்கில் நடைபெறுகிறது. இறுதியில் அவர் தம் கையால் உணவெடுத்து உண்கிறார், எழுதுகிறார், கருவி பிடித்துத் தொழில் செய்கிறார். ஆயினும் இழந்த உணர்ச்சியை இவ்வறுவை மீட்டுத் தருவதில்லை. எனவே கண்ணே அக்கைக்குக் காவல். நாள்தோறும் உள்ளங்கையை உற்றுநோக்குதலும், மரப்பிடியுள்ள பாத்திரங்களைக் கையாளுதலும், சிறு கொப்புளத்திற்கும் ஓய்வளித்தலும் வாழ்நாட் பழக்கங்களாக வேண்டும்.

வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் நிறுவப்பட்ட ஆய்வு நிலையமும், செங்கற்பட்டு, பம்பாய் முதலிய இடங்களில் பணியாற்றிய இந்திய அறுவை மருத்துவர்களும் இக்கலையை மேலும் வளர்த்தனர். பிராண்ட் 1966-இல் அமெரிக்கா சென்று, 2003-இல் மறைந்தார்.

இன்றைய நிலை

1980-களின் தொடக்கத்திலிருந்து வழங்கப்படும் கூட்டு மருந்து முறையால் தொழுநோயை முற்றும் குணப்படுத்த இயலும். மருந்து அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை இந்தியா 2005-ஆம் ஆண்டின் இறுதியில் எட்டியது. எனினும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளரிற் பாதிக்கு மேற்பட்டோர் இந்நாட்டினரே. கிருமியைக் கொல்லும் மருந்து, நெடுநாள் கெட்டுப்போன நரம்பைப் புதுப்பிப்பதில்லை. நரம்பு நலிவுறத் தொடங்கிய சில மாதங்களுக்குள் தக்க சிகிச்சை பெறுவோர்க்கே கை மீளும் வாய்ப்பு மிகுதி.

ஆகவே, தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய படை, சிறு விரலில் மரப்பு, விரல்களை விரித்துச் சேர்ப்பதில் தளர்ச்சி ஆகியவை தோன்றின், அச்சமும் நாணமும் கொண்டு மறைத்தல் ஆகாது. அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அன்றே செல்வது நலம். மருந்தும் அறுவையும் பயிற்சியும் இருக்க, தம் உழைப்பால் வாழும் ஒருவர் காலந்தாழ்த்தியதனால் கையை இழக்க வேண்டுவதில்லை.