சூளை கற்பிக்கும் பாடம்

இந்தியக் கிராமங்களில் மட்கலத் தொழில் பெரும்பாலும் தலைமுறை வழியாக வருவது. இத்தொழிலில் புதிய முயற்சிகள் அருகிக் காணப்படுவதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. ஒரு சூளை பழுதானால் பல நாள் உழைப்பும் விறகுச் செலவும் ஒருங்கே வீணாகும். அவ்விழப்பைத் தாங்கும் வலிமை குயவர் குடும்பத்திற்கு இல்லை.

இத்தடையை நீக்கும் வழிகளுள் ஒன்று, கலைஞர் சில காலம் தங்கிப் பணியாற்றும் பட்டறையாகும். 1982-இல் போபாலில் திறக்கப்பெற்ற பாரத் பவனில் பீங்கான் பட்டறை இடம்பெற்றது. ஜப்பானில் பயின்று வந்து, 1952-இல் தில்லியில் மட்கலப் பட்டறை நிறுவியவர் குருசரண் சிங். அவருடைய மகன் மன்சிம்ரன் சிங், 1980-களில் இமாசலப் பிரதேசத்தின் அந்த்ரெட்டாவில் மற்றொரு பட்டறை அமைத்தார். மாணவர் தங்கிப் பயிலவும் அங்கு வழி ஏற்பட்டது.

வெப்பமும் மண்ணும்

இத்தகைய பட்டறைக்கு வரும் குயவர் முதலில் எதிர்கொள்வது வெப்ப வேறுபாடு. கிராமத்துத் திறந்த சூளையின் வெப்பம் பொதுவாக 900 டிகிரி செல்சியசுக்கு உட்பட்டது. அதில் வெந்த பானையில் நுண்துளைகள் எஞ்சுகின்றன. அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாவதால்தான் பானைநீர் குளிர்கிறது. நீர் கசியாத கற்பீங்கானுக்கோ 1,200 முதல் 1,300 டிகிரி வரை வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் சாதாரணக் குளத்து மண் உருகிக் குலைந்துவிடும். எனவே சக்கரத்தில் தேர்ந்த கையும் மண்ணின் இயல்பைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. ஈயம் கலந்த மெருகுப் பூச்சு முறையாக அமையாவிடில், புளிப்பான உணவில் ஈயம் கலந்து நஞ்சாகும் என்பதும் அறிய வேண்டிய பாடமே.

பட்டறையில் உடைந்த கலம் நட்டமாகாது. அடுத்த சோதனைக்குச் சான்றாகிறது. இதுவே அங்குக் கிடைக்கும் பெரும் பயன்.

ஊர் திரும்பிய பின்

ஆனால் ஊரில் மூடிய சூளையும் உரிய மண்ணும் இல்லையெனில் கற்றது கையில் தங்காது. தங்கும் நாள்களுக்கு ஊதியமின்றேல் ஏழைக் குயவர் வரவும் இயலாது. ஆகவே பயிற்சிக் கால உதவித்தொகை, கூட்டுறவு முறையில் பொதுச்சூளை, மூலப்பொருள் வழங்கல் ஆகிய மூன்றும் பயிற்சியோடு இணைய வேண்டும். அப்போதுதான் பட்டறையில் பெற்ற அறிவு கிராமத்தின் வருவாயாக மாறும்.